நாலு நாளைக்கு நாலு டம்ளர் திராட்சை

அக்னி நட்சத்திரத்தின் உச்சத்தில், காட்டுப்பாக்கம் அழகேசனுடைய தாகத்தை நாலு நாளைக்கு நாலே டம்ளர் திராட்சை ஜூஸால் கட்டிப்போட்டவன் நான். இதைச் சொன்னால் பூந்தமல்லி பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். இந்த வருஷத்து வெயில் எப்படி என்றால், அம்பத்தூர் எஸ்டேட்டில் காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போயின. எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் அரிசியைப் போட்டால் போதும், குழாயில் கஞ்சி வரும். அந்த வெயிலில்தான் நாலு டம்ளர்.

என் பெயர் வீரராகவன். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் முப்பத்துநாலு வருஷம் அளவு பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். கொசுவின் இரண்டு இறக்கையில் எது நீளம் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன். அழகேசன் எங்கள் ஃப்ளாட்டுக்குத் தண்ணீர் லாரி அனுப்பிக்கொண்டிருந்தவன். பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் கைமாறிப் போக, குத்தம்பாக்கத்தில் மிஞ்சிய ஒரு கிணறுதான் அவர்களுக்குச் சோறு போட்டது. எழுந்தவுடன் ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வான். ரத்தக்கொதிப்பு அவனுடைய இரண்டு சிறுநீரகத்தையும் தின்று முடித்த பிறகு, டாக்டர் ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்று எழுதிவிட்டார். ரசம், காபி, மாத்திரைக்குக் குடிக்கும் மடக்கு, எல்லாம் சேர்த்து அரை லிட்டர்.

செவ்வாயும் வெள்ளியும் பூந்தமல்லியில் டயாலிசிஸ். இரண்டு வருஷமாகத் துணைக்குப் போகிறவன் நான். குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். மெஷின்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை எப்படியோ ஓடிவிடும். வெள்ளியிலிருந்து செவ்வாய் வரை நாலு நாள். அதுதான் எமன். மே மாதத்து முதல் செவ்வாய், அழகேசன் ஐந்து கிலோ ஏறிப் போய் நின்றான். நுரையீரலில் தண்ணீர். படுக்க முடியாமல், கரையில் வீசிய கெண்டை போல வாயைத் திறந்து திறந்து மூடினான். அன்றைக்கு மட்டும் தப்பினான். இனி ஒரு தடவை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் இதயம் தாங்காது என்று டாக்டர் அவன் மனைவி எல்லம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் வந்து சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்துக் கட்டில் ஜேம்ஸ் வரவில்லை. அவர் மனைவி மட்டும் வந்திருந்தாள், ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க. முந்தின நாள் வெயிலுக்குக் குளிர்ச்சி என்று இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தாளாம். மனுஷன் ஆசையாகக் குடித்துவிட்டுப் படுத்தார், அவ்வளவுதான் என்றாள். சிறுநீரகம் போனவனுக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் நேராக இதயத்தை நிறுத்தும். அந்த அறையில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் அவளிடம் சொல்லவில்லை. வாயில் வந்ததையெல்லாம் அளக்கிற நானே சொல்லவில்லை.

அவள் போன பிறகு டெக்னீஷியன் ரோஷினியிடம் போய் நின்றேன். வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வரும் பெண். இரண்டு வருஷமாக என் கதைகளை ஊசி குத்திக்கொண்டே கேட்கிறவள். எந்தப் பழம் ஆகும், எது ஆகாது என்று அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். மாம்பழம், ஆரஞ்சு, வாழை கூடாது. திராட்சையும் ஆப்பிளும் அளவாக ஆகும். செவ்வாய்க்கிழமை இவனை இரண்டு கிலோவுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்றேன்.

"சார், ஆவடி ஸ்டேஷன்ல உங்களப் பாத்துட்டு எக்ஸ்பிரஸ் நின்னுச்சுன்னு சொன்னீங்களே, அதக்கூட நம்பறேன். இது நடக்காது," என்றாள். "தாகம் யார் பேச்சையும் கேக்காது சார்."

அந்த நாலு நாளும் அவன் வீட்டிலேயே தங்கினேன். செய்முறை சுலபம். பன்னீர் திராட்சையை நசுக்கி, துருவிய பச்சை ஆப்பிள் கொஞ்சம், புதினா நாலு இலை சேர்த்து, கொதி வராமல் சூடாக்கி மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். சர்க்கரை பேருக்குத்தான், இனிப்பு ஏறினால் தாகமும் ஏறும். புளிப்புதான் எச்சிலை ஊற வைக்கும். ஆறியதும் இருமல் மருந்து மூடியால் பத்துப் பத்து மில்லியாக அளந்து ஐஸ் தட்டில் ஊற்றினேன். இருபது கட்டி, ஒரு டம்ளர். காலை ஆறிலிருந்து முக்கால் மணிக்கு ஒன்று. கடிக்கக் கூடாது, கன்னத்தில் ஒதுக்கிக் கரைய விட வேண்டும். மீதி முந்நூறு மில்லி சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும்.

சனிக்கிழமை பத்து மணிக்குள் அவன் பைத்தியம் பிடித்தவன் போல ஆகிவிட்டான். நாக்கு வெடித்துவிட்டது என்று காட்டினான். எனக்குச் சந்தேகம் வந்து ஒரு கட்டியை என் வாயில் போட்டேன். கரித்தது.

எல்லம்மா பயந்து போனாள். "வெய்யிலுக்கு ஒரு சிட்டிகை உப்பு போட்டாத்தானேண்ணே தாகம் அடங்கும்? எல்லாருக்கும் அப்டித்தானே போடுவோம்?"

அந்தச் சிட்டிகை அவன் உடம்பில் உட்கார்ந்துகொண்டு இன்னும் தண்ணீர் கேட்கும் என்று விளக்கினேன். அவள் தட்டைக் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டு, ஊறுகாய் ஜாடி, அப்பளம், கருவாட்டு டப்பா எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள். நான் வேறு தட்டு நிரப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் குளித்துவிட்டு வந்தான். கொடியில் போட்ட வெள்ளைத் துண்டின் ஒரு முனையில் ஊதாக் கறை. திராட்சைக் கறை, பல் வரிசையோடு.

துண்டைக் காட்டினேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நனைச்சி உறிஞ்சினேன் அண்ணாத்தே. சோப்புத் தண்ணி. அதுவே இனிச்சிகினு இருந்துது," என்றான்.

அந்த முனையை நனைத்துப் பிழிந்து மூடியால் அளந்தேன். எண்பது மில்லி. அன்றைய கணக்கில் எட்டுக் கட்டியைக் குறைத்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் சொல்வதாக இல்லை. மறுநாள் குளியலறைக்குள் நானே நின்று, ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அறுபது வயது ஆள், கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

இடைப்பட்ட முக்கால் மணி நேரங்களுக்கு என்னிடம் இருந்த ஒரே சரக்கு பொய். கட்டிக்கு ஒரு பொய். அண்ணா நகரிலிருந்து ஆவடிக்கு நான் ஒரு எருமை மேல் வந்தது, திருநின்றவூர் ஏரியில் பிடித்த மீன் எனக்கு மனு எழுதிக் கொடுத்தது, இப்படி. முதல் நாள் சிரித்தான். இரண்டாம் நாள் திட்டினான். திங்கட்கிழமை மத்தியானம் அவன் தம்பி ஓட்டிக்கொண்டு வந்த அவனுடைய லாரியே எதிர்ப்புறம் நின்று, ஓஸ் குழாயிலிருந்து தண்ணீர் தெருவில் வழிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். நான் மனு எழுதிய மீனின் அண்ணனைப் பற்றி ஆரம்பித்தேன்.

"வுட்டுடு அண்ணாத்தே. வயிறு முட்டக் குடிச்சிட்டு செத்துப் பூட்றேன். இன்னா இப்போ?"

எனக்கு அப்போது பொய் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. எல்லம்மா உள்ளேயிருந்து வந்து, இன்னும் இருபது நிமிஷம் பாக்கியிருந்த அடுத்த கட்டியை அவன் வாயருகே நீட்டினாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் கையைத் தள்ளிவிட்டு, அந்த மீனுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை. ஜேம்ஸின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார். அவருக்குக் கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. அழகேசன் எடை மெஷினில் ஏறினான். வெள்ளிக்கிழமை இறங்கும்போது அறுபத்தொன்று புள்ளி நாலு. இப்போது அறுபத்துமூன்று புள்ளி இரண்டு.

ரோஷினி மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து அறையின் நடுவில் போட்டாள். சுவரில் கை ஊன்றி எடையைக் குறைக்கிறவர்கள் நிறையப் பேர். என்னையும் நாலடி தள்ளி நிற்கச் சொன்னாள். மறுபடியும் ஏற்றினாள். அறுபத்துமூன்று புள்ளி இரண்டு. குனிந்து அவன் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். நீர் கோத்திருந்தால் பள்ளம் விழும், விழவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சைப் பார்த்தாள். சீராக இருந்தது.

தண்ணியே குடிக்கலையா என்று அவனிடம் கேட்டாள்.

"கெனவுல குடிச்சேம்மா. தெனமும், கெணறு மொத்தமும்," என்றான் அழகேசன். வெடித்த உதட்டில் ஊதா ஒட்டியிருந்தது. "அது எடையில ஏறுமா?"

அவள் ஊசியைக் குத்தி, குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்த்தாள். வருகிற வெள்ளிக்குப் பிறகும் நாலு நாள் இருக்கிறது சார் என்றாள். தெரியும் என்றேன். ஏட்டைத் திறந்து ஒன்று புள்ளி எட்டு என்று எழுதினாள்.

"நடந்திருக்கு சார்," என்றாள், என்னைப் பார்க்காமல். "ஒத்துக்கறேன்."