முதலில் பார்த்த ஊர்

பதினேழாம் எண் பெட்டியின் ஒட்டுநாடாவை அவள் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் ஏதோ ஒரு பெட்டிக்குள் இருந்தது. கத்தி இன்னொன்றில். பக்கத்து அறையில், தரையில் போட்ட மெத்தையின் மேல், அவள் கணவர் இறந்துபோய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"அக்கா, விட்டுடு. கடைக்குப் போய்ப் புதுசா ஒரு விரிப்பு வாங்கிட்டு வந்துடறேன்" என்றார் தம்பி.

"வீட்ல இருபது விரிப்பு இருக்கு. இந்த மனுஷனுக்குப் போர்த்த ஒண்ணு கெடைக்காதா?"

நாடா ஒருவழியாகப் பிய்ந்தது. உள்ளே நான்கைந்து வருடத்துப் பழைய காலண்டர்கள் சுருட்டி அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு அடியில் ஒரு இஸ்திரிப் பெட்டி.

"காலண்டரையெல்லாம் எதுக்குக் கட்டினீங்க?" என்று பக்கத்து அறையைப் பார்த்துக் கத்தினாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர் அவள் கணவர். உறவில் எல்லோருக்கும் பார்சல் மாமா. நாற்பத்து மூன்று பெட்டிகளையும் தானேதான் கட்டுவேன் என்று அடம்பிடித்தார். எந்தப் பெட்டியின் மேலும் உள்ளே என்ன என்று ஒரு வார்த்தை கிடையாது. வெறும் எண். "மேல எழுதி வச்சா லாரிக்காரனுக்கு எல்லாம் தெரிஞ்சுடும்" என்பது அவர் நியாயம். எந்த எண்ணில் என்ன என்பது ஒரு குட்டி நோட்டில் மட்டும் இருந்தது. அந்த நோட்டு அவர் போட்டிருந்த சட்டையின் பாக்கெட்டில் இருந்தது.

அது எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் போய் எடுக்கவில்லை. கடைசியில் அவளே எழுந்து போனாள். மெத்தையருகே உட்கார்ந்து, தூங்குகிறவரிடமிருந்து எடுப்பதுபோல இரண்டு விரலால் மெல்ல உருவினாள்.

காலையில் அந்த விரல்களில் ஒன்றைத்தான் அவர் கேட்டார். கடைசிப் பெட்டி. "முடிச்சு மேல விரலை வை" என்றார். வைத்தாள். கயிற்றை இழுத்தவர், அப்படியே பெட்டியின் மேல் தலையைச் சாய்த்தார். இளைப்பாறுகிறார் என்று நினைத்தாள். "சீக்கிரம் கட்டுங்க, விரல் வலிக்குது" என்றாள். கொஞ்சம் கழித்து, "உங்களோட எனக்கு இதே ரோதனை" என்றும் சொன்னாள். அதற்கும் பதில் இல்லாதபோதுதான் விரலை எடுத்தாள்.

ஆஸ்பத்திரி அடுத்த தெருவில். ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில் வந்துவிட்டது. ஒன்றும் பயனில்லை.

நோட்டிலும் எல்லாம் சுருக்கெழுத்துதான். 'பா. சி.', 'க. பொ.', 'மு. கை.' பார்சல் ஆபீஸில் அவர் கண்டுபிடித்த பாஷை அது. முப்பத்தொன்றாம் எண்ணுக்கு எதிரே 'வி. வெ.' என்று இருந்தது. விரிப்பு, வெள்ளை. தம்பி அதைத் திறந்து வெள்ளை விரிப்பை எடுத்து வருவதற்குள், 'மு. கை.' என்றால் முழுக்கைச் சட்டை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் ஏனோ எரிச்சல் இன்னும் கூடியது.

சான்றிதழ் எழுத வந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். உட்கார நாற்காலி இல்லாததால் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து எழுதினார்.

"நிரந்தர முகவரி சொல்லுங்கம்மா."

அவள் யோசித்தாள். இந்த வீட்டை விற்றாகிவிட்டது. சாவியை நாளை மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். குடிபோவதற்காகக் கடலோர ஊரில் பிடித்திருந்த வீட்டில் இன்னும் ஒரு செம்பு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"எதுன்னு சொல்றது?"

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா. கட்டத்தை நிரப்பணும்."

இந்த வீட்டு எண்ணையே சொன்னாள்.

மத்தியானத்துக்குள் உறவும் தெருவும் வந்து நிறைந்துவிட்டன. முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் அவள். எந்தக் குரலுக்கும் ஒரே சீரான குரலில் பதில் சொல்லத் தெரியும். அன்றைக்கும் அந்தக் குரல்தான் கைகொடுத்தது. "ஆமா, காலையில. இல்ல, ஒண்ணுமே இல்லாம இருந்தார். ஆமா, திடீர்னு."

வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்.

"எவ்வளவு நிதானமான மனுஷர்! எதையும் பத்து தடவை யோசிச்சுத்தான் செய்வார்."

அந்த நிதானத்தோடு குடும்பம் நடத்தியவள் அவள்தானே.

ரிட்டையர் ஆன மறுமாதமே, இந்தச் சத்தமும் புகையும் வேண்டாம், கடலோரமாக ஒரு சின்ன ஊருக்குப் போய்விடலாம் என்று ஆரம்பித்தது அவர்தான். முதல் ஊரைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடித்துவிட்டது. கடலுக்கு நடந்து போகிற தூரம். தெருக்கோடியில் ஆஸ்பத்திரி. சந்தையில் காய்கறிக்காரி இரண்டாம் நாளே முகம் பார்த்துச் சிரித்தாள். "இதுவே போதுங்க" என்றாள். "ஒரு ஊரைப் பாத்துட்டு முடிவு பண்ணுவாங்களா?" என்றார் அவர்.

அதற்கப்புறம் மூன்று வருடத்தில் ஏழு ஊர். ஒன்றில் உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்றுவிடும். இன்னொன்றில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பஸ் கிடையாது. வேறொன்றில் மீன் நாற்றம். ஓர் ஊரில் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கெழங்களா இருக்கு" என்றார், அறுபத்திரண்டு வயதில். கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் வீட்டுக்குள் வருகிறது என்று ஒரு நல்ல வீட்டை வேண்டாம் என்றபோது அவள் பஸ் வரும்வரை அவரோடு பேசவில்லை. கடைசியில், போன மாதம், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "யோசிச்சுப் பாத்தா, மொதல்ல பாத்த ஊரே தேவலை."

அன்றைக்கு அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள். மூன்று வருடம். இப்போது நினைத்தால், கையில் இருந்ததே அந்த மூன்று வருடம்தான். கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய மூன்று வருடத்தைப் பஸ்ஸிலும் புரோக்கர்களின் பின்னாலும் கரைத்துவிட்டுப் போய்விட்டார். இதை வந்தவர்களில் யாரிடம் சொல்வது? "ஆமா, ரொம்ப நிதானம்" என்று அந்தச் சீரான குரலில் சொன்னாள்.

சாயங்காலம் மகன் வந்து சேர்ந்தான். மறுநாள் காலை எல்லாம் முடிந்தது. மயானத்திலிருந்து திரும்பியவர்கள் பெட்டிகளுக்கு நடுவே இடம் தேடி உட்கார்ந்தபோது போன் அடித்தது. லாரிக்காரர்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துடவாம்மா? சார் நேத்தே போன் பண்றேன்னாரு, பண்ணலை."

தம்பி கையை நீட்டினார். "குடு, வேண்டாம்னு நான் சொல்லிடறேன்."

"சார் தவறிட்டாருங்க" என்றாள் அவள். மறுமுனை தடுமாறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க ஏழு மணிக்கு வந்துடுங்க" என்று சொல்லி வைத்தாள்.

"என்னக்கா இது? இன்னிக்குத்தான் எடுத்திருக்கோம். நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேர் இந்தப் பெட்டியையெல்லாம் எங்க வைப்பாங்கன்னு கேட்டுச் சொல்லு. நாளைக்கு வீட்டை வாங்கினவங்க வந்துடுவாங்க."

"சாமானை என் கொடவுன்ல போடலாம். நீ என் வீட்டுக்கோ புள்ளை வீட்டுக்கோ..."

"என்னையும் கொடவுன்லயே போட்டுடேன்."

மகன் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டான். அலமாரிகள் காலியாக இருந்ததால் குரல் எதிரொலித்தது.

"எங்கிட்ட வந்துடும்மா. அங்க தனியா என்ன பண்ணுவே?"

"மூணு வருஷமா ஊர் பாத்தோமே, அப்ப ஏன் கூப்பிடலை?"

அவன் குழாயைத் திறந்தான், மூடினான்.

"அப்பா ஒவ்வொரு ஊரையும் பாத்துட்டு எனக்கு போன் பண்ணுவார்ம்மா. உனக்குத் தெரியாதா?"

"என்னன்னு?"

"இங்கேருந்து உனக்கு எத்தனை மணி நேரம் ஆகும், பசங்களைக் கூட்டிட்டு மாசத்துக்கு ஒரு தடவை வர முடியுமான்னு. நான் மேப்பைப் பாத்துட்டு, தூரம்ப்பான்னு சொல்லிடுவேன். மொத ஊருக்கும் அப்படித்தான் சொன்னேன். எல்லா ஊருக்கும் அதையேதான் சொன்னேன். ஒரு நாள் ஆபீஸ்ல இருந்தேன், கொஞ்சம் கத்திட்டேன். எதுவா இருந்தாலும் தூரம்தான்ப்பா, நீங்களே முடிவு பண்ணுங்கன்னு. அதுக்கப்புறம் கேக்கலை."

"எப்போ?"

"போன மாசம்."

அவள் சுவரில் சாய்ந்தாள். உப்புக்காற்று, மீன் நாற்றம், கடைசி பஸ், கலங்கரை விளக்கம். ஒவ்வொன்றையும் அவள் நம்பினாள். ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டாள். எத்தனையோ பேருடைய தொடர்பை இணைத்துக் கொடுத்தவளின் வீட்டிலேயே, அவள் காதில் விழாமல் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கிறது.

"எங்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே, ரெண்டு பேரும்" என்றாள்.

மகன் அழ ஆரம்பித்தான். அவளுக்கு அவனைத் தொட வேண்டும்போல இருந்தது. ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "மூஞ்சியைக் கழுவிட்டு வா. அந்த நாப்பத்து மூணாவது பெட்டி இன்னும் கட்டலை" என்றாள்.

லாரி ஏழு மணிக்கு முன்பே வந்துவிட்டது. மகனும் கூட வந்தான். டிரைவர் பக்கத்தில் அவள், கதவோரமாக அவன். டிரைவர் மரியாதைக்காக ரேடியோ போடவில்லை. ஆறு மணி நேரப் பயணம். அவன் ஒருமுறை வாட்ச்சைப் பார்த்தான். அவள் பார்த்துவிட்டதைத் தெரிந்துகொண்டு கையை இறக்கிக்கொண்டான்.

கடல் தெருக்கோடியில் தெரிந்தது. சாதாரணமாக இருந்தது, சாம்பல் நிறத்தில். எதிர்வீட்டுப் பெண்மணி வாசலுக்கு வந்து, "சார் பின்னால வர்றாரா?" என்று கேட்டாள். மகன் அந்தப் பெண்மணியை ஓரமாக அழைத்துப்போய் ஏதோ சொன்னான்.

இறக்குகிறவர்கள் பெட்டிகளை எண் வரிசையில் கூடத்தில் அடுக்கினார்கள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பா. சி. சமையலறைக்கு. க. பொ. மேலே. ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. கடைசியாகப் பெரிய கட்டிலைக் கொண்டுவந்து உள்ளறையில் பூட்டினார்கள்.

"நடுவுல போட்டுடலாம்மா" என்றார் லாரிக்காரர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டு பக்கமும் ஏறி எறங்க வசதியா இருக்கும்."

அவள் வாசற்படியில் நின்று அறையைப் பார்த்தாள்.

"செவுத்தை ஒட்டிப் போடுங்க."

லாரிக்காரர் மகனைப் பார்த்தார். மகன் குனிந்து ஒரு முனையைப் பிடித்தான். இருவரும் தள்ளினார்கள். கால்கள் தரையில் கிறீச்சிட்டு நின்றன. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி இருந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.