இரண்டு பேருக்கான எஞ்சின்

மேட்டுத் தெருவின் அடியில், மளிகைக் கடைக்கு நேராக வந்ததும் வண்டி இருமியது. தையல்காரர் திரும்பிப் பார்க்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. பின்னால் இருந்த அவர் மனைவி தானாகவே காலை ஊன்றி இறங்கிக்கொண்டாள். பாரம் குறைந்த வண்டி ஒரு தும்மல் போட்டுவிட்டு மேலே ஏறியது. ஒரு கையில் காய்கறிப் பையும் மறு கையில் லைனிங் துணி மூட்டையுமாக அவள் பின்னால் நடந்தாள்.

"வண்டி மேல, மகாராணி கீழ!" என்றாள் கடைக்காரி, கல்லாவை விட்டு எழாமலே. "இன்னிக்கும் அதே கதைதானா?"

"நடந்தா உடம்புக்கு நல்லதுக்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அது ஒரு பழைய மினி பைக். சின்னச் சக்கரம், வட்டமான ஒற்றை விளக்கு, முழங்காலை மடக்கி உட்கார வேண்டிய உயரம். தையல்காரரைவிட வயதில் மூத்தது. கல்யாணமான புதிதில் இரண்டு பேரையும் சுமந்துகொண்டு வீட்டு வாசல்வரை ஏறியது. அப்புறம் அவள் ஒரு சுற்றுப் பெருத்தாள், அவர் இரண்டு சுற்றுப் பெருத்தார், எஞ்சினோ நாளுக்கு நாள் இளைத்தது. யாராவது ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும். ஓட்டுகிறவர் இறங்க முடியாதே! 'இறங்கு' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவளுக்கு விமானத்தில் பறக்கும் ஆசையெல்லாம் இல்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் தன் வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும், அவ்வளவுதான். பம்பு ரிப்பேர் பட்டறையில் வேலை அவளுக்கு. ஊரார் வீட்டு மாடிக்கெல்லாம் தண்ணீரை ஏற்றி அனுப்புகிறவள், தான் மட்டும் மூச்சு வாங்க நடந்து ஏறுவதா என்று நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

பட்டறையின் மூலையில், யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு பெட்ரோல் பம்பு கிடந்தது. பம்பு துருப்பிடித்துப் போயிருந்தது. எஞ்சின் மட்டும் ஒரே இழுவைக்குக் கிளம்பியது. பழைய எஞ்சினைப் போல இரண்டு மடங்கு இருக்கும்.

"எடுத்துக்கிட்டுப் போம்மா, எனக்கு இடம் மிச்சம்," என்றார் முதலாளி. "ஆனா அந்தப் பொம்மை வண்டியில இதை மாட்டினா, ஒருநாள் வண்டியை விட்டுட்டு எஞ்சின் மட்டும் ஓடிடும், பாத்துக்கோ."

வீட்டில்தான் எரிமலை வெடித்தது.

"அதுல கைய வைக்காத, இவளே! ஒரிஜினல் எஞ்சின் அது. இந்த மாதிரி வண்டி இப்போ எங்கயும் கிடையாது."

"இருக்கற ஒண்ணும் ஏற மாட்டேங்குதே."

அன்று சாப்பிடும்போது உப்பு கேட்பதற்குக்கூட ஜாடைதான். கடைசியில் மனிதர் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். எஞ்சினை மாற்றிக்கொள்ளலாம், வண்டியின் சட்டத்தில் மட்டும் ரம்பம் படக் கூடாது. கழற்றிய பழைய எஞ்சினுக்குக் கோட்டுத் துணியில் உறை தைத்து, பட்டன்கூட வைத்து, பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்த்தினார்.

அந்த நிபந்தனைதான் காலை வாரியது. புது எஞ்சினின் தண்டு தடிமன். பழைய கிளட்ச்சின் துளையில் நுழையவில்லை. பெரிய கிளட்ச் போட்டால் அது டயரில் இடிக்கும், சட்டத்தை அறுத்து அகலப்படுத்த வேண்டும். எதற்கு வம்பு என்று அவள் பழைய கிளட்ச்சையே லேத்துக்குக் கொண்டுபோய்த் துளையைப் பெரிதாக்கி மாட்டினாள். எஞ்சின் வேகம் பிடிக்கும்போது கிளட்ச்சுக்குள் இருக்கும் கட்டைகள் விரிந்து வெளிக்கிண்ணத்தை இறுகப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் சக்கரம் சுற்றும். பழைய எஞ்சினின் பலத்துக்குப் பிடித்தவை இந்தப் பலத்துக்குப் பிடிக்குமா என்பது அவளுக்கே சந்தேகம்தான். ஆசை கண்ணை மறைத்தது.

மாட்டி முடித்த அன்றே இரண்டு பேருமாக ஏறிப் பார்த்தார்கள். பாதி மேட்டில் எஞ்சின் ஊரைக் கூட்டியது, சக்கரம் நகரவில்லை. கிளட்ச்சிலிருந்து புகை கிளம்பியது. இரண்டு பேரும் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள்.

"அடடா, இன்னிக்கு மகாராஜாவும் கீழயா?" என்று கடையிலிருந்து குரல் வந்தது.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கிளட்ச் எரிந்ததற்காக அல்ல. வேலையில் தப்பு வருவது சகஜம், பிரித்து மாட்டினால் போயிற்று. மறுபடியும் இறங்க வேண்டியிருந்ததே, அதற்காக அழுதாள்.

மறுநாள் காலையில் நேராகத் தையல் அறைக்குப் போனாள். அவர் ஒரு வாடிக்கையாளரின் பேன்ட்டை இடுப்பில் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தாளு வெயிட்டு போட்டுட்டாரா?"

"ஆமா, மூச்சே விட முடியலையாம். கொஞ்சம் லூஸ் பண்ணணும்."

"பேன்ட்டு பத்தலைன்னா பேன்ட்டைத்தானே பிரிக்கறீங்க? ஆளையா வெட்டறீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி நமக்குப் பத்தலைன்னு இத்தனை வருஷமா என்னையத்தானே வெட்டி இறக்கி விட்டுட்டுப் போறீங்க," என்றாள்.

கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு வெளியே போய் வண்டியின் முன் குத்த வைத்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு அகலம் வேணும்?"

"ரெண்டு விரல்."

"மூணு விடு. இழுத்துப் பிடிச்சுத் தைச்சா பின்னாடி கிழியும்." சட்டத்தில் தானே சாக்பீஸால் கோடு போட்டார். பட்டறையில் அவள் அறுத்தபோது மட்டும், டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே நழுவிவிட்டார்.

இந்தத் தடவை அவள் கஞ்சத்தனம் பண்ணவில்லை. பெரிய கிளட்ச், பெல்ட் போட்டது. கிளம்பும்போது முழு பலத்தையும் இழுவைக்குக் கொடுக்கும், ஓட ஓடத் தானே வேகத்துக்கு மாறிக்கொள்ளும். பிரேக்கையும் மாற்றினாள். ஏறுகிற வண்டி இறங்கவும் வேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் கம்பீரமாக ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினார். வண்டி ஒரே தாவாகத் தாவிப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புக்குள் புகுந்தது. விரிப்பிலிருந்து தலையை வெளியே எடுத்தவர், "இது உன் எஞ்சின். நீயே ஓட்டு," என்றார்.

கடைத்தெருவுக்குப் போய், வேண்டியதும் வேண்டாததும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மேட்டின் அடியில் ஒரு கைவண்டி குறுக்கே வர, அவள் வேகத்தைக் குறைத்தாள். கைவண்டி விலகியதும் திருகினாள். அம்மாடி! அம்பு மாதிரி போனது வண்டி. காற்றில் கண்ணில் நீர் வர, "பாத்தீங்களா? பாத்தீங்களா? வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்!" என்று கத்திக்கொண்டே வீட்டு வாசலில் போய் நின்று, பெருமையோடு திரும்பினாள்.

பின் இருக்கை காலியாக இருந்தது.

கீழே, மளிகைக் கடைக்கு நேராக, கையில் பையோடு தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். கடைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொங்கிய பாலில் தண்ணீர் தெளித்தது போல, மேலே நின்றவளின் சந்தோஷம் அடங்கியது. தனியாக ஏறுவதற்கா இத்தனை பாடு? தனியாகத்தான் இத்தனை வருஷமும் ஏறினாளே. வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினாள்.

"ஏன் இறங்கினீங்க?"

"நான் எங்க இறங்கினேன்? இங்க வண்டி மெதுவாச்சுன்னா பின்னாடி இருக்கறவங்க இறங்கணும்னு காலுக்கே பழகிப்போச்சு." பிறகு மேட்டை அண்ணாந்து பார்த்தார். "ஏய், இங்கேருந்து பாத்தா இவ்வளவு உயரமாவா இருக்கு?"

அவள் அவர் கையிலிருந்த பையை வாங்கிக் கைப்பிடியில் மாட்டினாள்.

"இதைத்தான் தினமும் மூட்டையைத் தூக்கிக்கிட்டு நடந்தியா?"

"ஏறுங்க."

"கொஞ்சம் பின்னாடி போயி, வேகம் எடுத்துக்கிட்டு வரலாமா?"

"வேணாம். நின்ன இடத்துலேருந்தே ஏறணும்."

அவர் ஏறினார். வண்டி இரண்டு அங்குலம் அமுங்கியது. அவள் மெல்லத் திருகினாள். எஞ்சினின் குரல் கனத்தது. ஒரு நொடி எதுவும் நகரவில்லை. புகை வாடை வருகிறதா என்று அவள் மூக்கு தானாகத் தேடியது. பெட்ரோல் வாடை மட்டும்தான். பெல்ட் கவ்வியது. யாரோ அடியில் தோள் கொடுத்துத் தூக்குவது போல வண்டி அவர்கள் இருவரையும் எடுத்துக்கொண்டு கிளம்பியது. போன வாரம் புகைந்து நின்ற இடம் வந்தது, போனது. வழக்கமாக அவள் மூச்சு வாங்க நிற்கும் விளக்குக் கம்பம் வந்தது, போனது. ஜன்னல்கள் திறந்தன. "ஏறுது! ஏறுதுடி!" என்று பின்னாலிருந்து அவர் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு நெஞ்சு விம்மியது.

வாசலில் நிறுத்தினாள். எஞ்சின் நிதானமாக உறுமிக்கொண்டிருந்தது.

"வீடு வந்தாச்சு. இறங்குங்க."

"மாட்டேன்."

"என்னது?"

"இறங்க மாட்டேன். இன்னொரு தடவை போ."

அவள் வண்டியைத் திருப்பினாள். கீழே கடைக்காரி, தராசில் பாதி நிறுத்ததை அப்படியே விட்டுவிட்டு நடுத்தெருவுக்கு ஓடி வந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள்.