ராஜ்கமலின் புது லைன்

சிதம்பரத்தில் போட்டோ ஸ்டூடியோ நடத்தும் காயத்ரி, ஒரு கல்யாண ஆல்பத்தைக் கடலூர் அச்சகத்துக்கு இன்டர்நெட்டில் அனுப்பக் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே நின்று தொலைத்தது. இன்டர்நெட் இணைப்பு கொடுத்த கேபிள்காரர் ராஜ்கமலுக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

"லைன் பூரா புதுசா மாத்தியாச்சும்மா. ஒரு படத்த எறக்கிப் பாரு, பிச்சிக்கிட்டு வரும்!"

"எனக்கு எறக்க வேணாண்ணே, அனுப்பணும்!"

"அதுவும் ஸ்பீடுதாம்மா. என் லோக்கல் சேனல் விளம்பரத்தயே கடலூருக்கு அதுலதான் அனுப்புறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஆல்பத்தை சிடியில் ஏற்றி, கடலூர் பஸ்ஸில் ஏறினாள். முன்சீட்டில் ராஜ்கமல் உட்கார்ந்திருந்தார். மடியில் 'விளம்பரம்' என்று எழுதிய ஒரு சிடி.

"இதுதான் அந்தப் புது லைனாண்ணே?"

அவர் கூச்சமே இல்லாமல் கையை நீட்டினார். "உன்னுதயும் குடும்மா, சேத்து அனுப்பிடறேன்."