வேர்த்தண்ணீர்

மண் பரிசோதிக்கிற பெண் வாசலில் செருப்பைக் கழற்றுவதையே கீரைக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல செய்தி கொண்டுவருகிறவர்கள் இத்தனை மெதுவாகவா கழற்றுவார்கள்?

கொல்லையில் கீரைப் பாத்திக்கு அந்தப் பக்கம் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை இருந்தது. மூடிப் பல வருஷமாகிவிட்டது. ஈயம் மட்டும் மண்ணை விட்டுப் போகவில்லை. மகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து கீரைக்காரிக்குத் தூக்கமில்லை. நேற்றுப் படித்த எழுத்து இன்று பிள்ளைக்கு மறந்துவிடுகிறது. சோறு என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறது. தெருவே தன் கீரையைத்தான் தின்கிறது, ஊரார் பிள்ளைகளுக்கும் நஞ்சைக் கட்டுக்கட்டாக விற்றுவிட்டோமோ என்று மனசு அரித்தெடுக்க, அவளே போய்ச் செடியை வேரும் மண்ணுமாகப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்தப் பரிசோதனைப் பெண் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இலையில் பயப்படும்படி ஒன்றுமில்லை என்றாள். இந்தச் செடி சாமர்த்தியமானதாம். மண்ணிலிருந்து வருகிற ஈயத்தையெல்லாம் வேரிலேயே பிடித்து அடைத்துவைத்துக்கொண்டு, மேலே ஏறவிடாமல் பார்த்துக்கொள்கிறதாம்.

கீரைக்காரிக்கு மூச்சு வந்தது. ஊர்ப் பிள்ளைகள் தப்பின. அந்த நிம்மதியை ஒரு நிமிஷம் அனுபவிக்கக்கூட விடாமல் பாழாய்ப்போன வாய் கேட்டுவிட்டது.

"அப்ப வேரு?"

"மொத்தமும் அதுலதான் இருக்கு. வேரை யாரு திங்கப் போறாங்கக்கா?"

யார் தின்பார்கள்! இலை விற்க, வேர் வீட்டுக்கு. எதையும் வீணாக்காத கை என்று மாமியாரே மெச்சிய கை அது. பிள்ளைக்கு உடம்பு தேறட்டும் என்று தடித்த வேராகப் பொறுக்கி, கழுவி, நசுக்கி, கொதிக்கவைத்து, தினம் ஒரு டம்ளர். பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று டாக்டர் கேட்டபோது சோறும் கீரையும் என்றுதான் சொன்னாள். மருந்தை யார் சாப்பாட்டில் சேர்த்துச் சொல்வார்கள்? அவர் ஈயம் என்று சொன்ன பிறகு அதை இரண்டு டம்ளராக்கினாள்.

"உள்ள போனது இறங்குமா?"

ரத்தத்தில் குறையும் என்றாள் அந்தப் பெண். மூளைக்கு ஆனது ஆனதுதான் என்பதைச் செருப்பை மாட்டிக்கொண்டே, முகம் பார்க்காமல் சொன்னாள்.

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததை இறக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோனாள் கீரைக்காரி. கொட்ட வேறு இடமில்லை. பாத்தியிலேயே ஊற்றினாள். மண் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது.

பின்னாலேயே பிள்ளை டம்ளரோடு வந்து நின்றாள்.

"கொட்டாதம்மா. கசக்குதுன்னு இனிமே அழமாட்டேன்."

டம்ளரை நீட்டியபடியே நின்றாள்.