ஒப்புக்கு அழைத்த விருந்தாளி

2021ஆம் ஆண்டு நவம்பர் பதினெட்டாம் தேதி காலை ஆறே முக்காலுக்கு, ஜப்பானின் ஷிகோகு தீவிலிருந்து நடந்தே வந்த கற்சிலை ஒன்று தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் குப்புராஜின் வீட்டு வாசலில் நின்றது. புறப்படும்போது முழங்கால் உயரம் இருந்த அது, மூன்றாண்டு வழிநடையில் பாதம் தேய்ந்து நான்கு விரற்கடை குறைந்திருந்தது. கழுத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணியில் கடல் உப்பு பூத்திருந்தது. நாடுகள் எல்லைகளை மூடியிருந்த காலம்தான். ஆயினும் கல்லை எவரும் நிறுத்திக் கேட்கவில்லை.

தவறு குப்புராஜினுடையது. கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலைபார்த்த அவனை 2018இல் பயிற்சிக்காக அத்தீவுக்கு அனுப்பினார்கள். எண்பத்தெட்டுக் கோயில்களை நடந்தே சுற்றும் யாத்திரை அங்கே உண்டு. ஞாயிறுதோறும் அவனும் கைத்தடியோடு நடந்தான். தங்குமிடம் சேர்ந்ததும் தன் காலுக்கு முன்பாகத் தடியின் அடியைக் கழுவவேண்டும் என்பது அவ்வழியின் முறை. ஒரு மலைப்பாதையில் குழந்தை முகத்துடன் வரிசையாகச் சிலைகள் நின்றன. இவர் ஜிசோ என்னும் போதிசத்துவர், இறந்த குழந்தைகளைத் தம் அங்கிக்குள் வைத்துக் காப்பவர், சிவப்புத் துணி கட்டுவது பெற்றவர்கள் என்று உடன் நடந்த மேற்பார்வையாளர் விளக்கினார். குப்புராஜ் ஒரு சிலையின் முன் வெகுநேரம் நின்றான். கிளம்பும்போது வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல், ஊரில் யாரைப் பிரியும்போதும் ஒப்புக்குச் சொல்வதையே சொல்லி வைத்தான்: "தாம்பரம் பக்கம் வந்தா அவசியம் வூட்டுக்கு வாங்க."

அவன் அங்கே நின்றதற்குக் காரணம் இருந்தது. 2015 டிசம்பர் இரண்டாம் தேதி, வெள்ளத்தின் நடுவே, அவன் மனைவி தீபலட்சுமிக்கு ஏழாம் மாதத்தில் பிறந்த பெண்குழந்தை ஒரு மணி நேரமே இருந்தது. சுடுகாடு தண்ணீருக்குள் கிடந்தது. தான் போட்டிருந்த நீலக்கட்டச் சட்டையில் குழந்தையைச் சுற்றி, மேடாகத் தெரிந்த ஏரிக்கரையில் அவன் தனியாகப் புதைத்தான். மனைவியிடம் எல்லாம் முறைப்படி சுடுகாட்டில் முடிந்தது என்றான். சட்டை வெள்ளத்தோடு போனது என்றான். நீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால் அந்தக் கரை மனைகளாகி எல்லைக்கற்கள் நடப்பட்டிருந்தன, இடம் பிடிபடவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் பால் ஊற்ற அழைத்துப் போகும்படி அவள் கேட்பாள். அவன் கேட்டு வாங்கிய ஷிப்டுக்குப் போய்விடுவான்.

சிலை வந்த காலையில் குப்புராஜ் வாளியில் தண்ணீர் எடுத்து அதன் பாதங்களைக் கழுவினான். எதிர்வீட்டுச் சாவித்ரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா குப்பு, கொரியர்ல வந்துச்சா?"

"நடந்து வந்துகீதுக்கா."

"ஊசி போட்டுகினு வந்துச்சானு கேளு. இங்க ரெண்டு டோஸ் இல்லன்னா மாலுக்குள்ளயே வுட மாட்றான்."

செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அது இரண்டு வாரம் தங்கியது. டிசம்பர் இரண்டாம் தேதி காலை, குப்புராஜ் சீருடையில் கிளம்பியபோது, சிலை படியிறங்கித் தெருவில் நடந்தது. விருந்தாளியைத் தனியே விட மனமில்லாமல் அவன் பின்னால் போனான். பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பிய தீபலட்சுமியும் சேர்ந்துகொண்டாள். பழைய ஏரிக்கரையில் விற்காத ஒரு மனையில், டிரான்ஸ்பார்மருக்கு இப்பால், அது நின்றது. தன் கல் அங்கியின் மடிப்பை அது சற்று விலக்கியது. உள்ளே நீலக்கட்டத் துணியின் விளிம்பு தெரிந்தது.

"இது உன் சட்டை தானேய்யா?" என்றாள் தீபலட்சுமி.

குப்புராஜ் சொன்னான்: "சுடுகாட்ல தண்ணி நின்னுச்சு தீபா. இங்கதான் வச்சேன். அப்புறம் வந்து பாத்தா எந்த எடம்னே தெரில. அத உன்கிட்ட எப்டி சொல்றது?"

"ஆறு வருசமா வாயில இன்னா வச்சினு இருந்தே?"

அவள் மண்ணில் உட்கார்ந்து, பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்துப் பாதியை ஊற்றினாள். மீதியை அவனிடம் நீட்டினாள். "நீயும் ஊத்து. ஒண்டியா தூக்கினு வந்தல்ல."

சிலை அங்கேயே தங்கிவிட்டது. மனைக்காரர் எல்லைக்கல்லை மூன்றடி தள்ளி நட்டுக்கொண்டார். பல்லாவரம் வெள்ளிச்சந்தையில் தீபலட்சுமி ஆண்டுக்கொருமுறை சிவப்புத் துணி எடுக்கிறாள். தேய்ந்துபோன நான்கு விரற்கடையும் 2024 மழைக்குள் வளர்ந்துவிட்டது. அத்தெருவில் இப்போது எவரும் ஒப்புக்கு யாரையும் வீட்டுக்கு அழைப்பதில்லை. அழைத்தால், வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் எடுத்து வைத்துவிடுகிறார்கள்.