அடுத்த காம்பரா

நான் சொல்வதில் முன்பின் மாறியிருக்கலாம். அந்த மாலை மழை பெய்ததா, தகரக் கூரையில் இறப்பர் விதைகள் விழுந்த சத்தத்தைத்தான் மழை என்று நினைத்தேனா, தெரியவில்லை. குரல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"கலா, சாப்டியா?"

அவள் புருஷன் சசிதான் கேட்டான், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

நான் விஜயகலாவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். அவன் உடைத்த கையில் அவளுக்குக் கட்டுப் போட்டிருந்தது. முந்திய வாரம்தான் நீதிமன்றம் அவனுக்கு இடைக்காலத் தடை விதித்திருந்தது. அவளை அடிக்கக்கூடாது, அவள் வீட்டுக்குள் வரக்கூடாது. அவனும் வரவில்லை. அடுத்த காம்பராவில் தன் அண்ணன் அழகமுத்துவோடு தங்கிக்கொண்டான். எங்கள் தோட்டத்து லயத்தில் காம்பரா என்றால் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருக்கும் ஒற்றை அறை வீடு; இடைச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை.

"நல்லாத்தானே கேக்குறான்," என்றேன் மெதுவாக.

"அடிக்கிறதுக்கு முன்னாடியும் இதத்தான் கேப்பாருக்கா. சாப்டேன்னாலும் அடி, இல்லன்னாலும் அடி."

சீப்பைப் பிடித்தபடியே இருந்தேன். சுவருக்கு அப்பால் தீக்குச்சி உரசும் சத்தம்.

மறுநாள் பொலிஸுக்குப் போனோம். எனக்குச் சிங்களம் வரும் என்பதால் நான்தான் பேசினேன். அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு சாப்பிட்டாயா என்று கேட்பது குற்றமா என்றார் பொலிஸ்காரர். இன்று யாராவது அதையே கேட்டாலும் தடுமாறுவேன்.

திரும்பும் வழியில் அழகமுத்து மறித்தார்.

"என் தம்பி என் காம்பராவுல இருக்கக்கூடாதா? நாளைக்கு இருமக்கூடாதும்பீங்க!"

"இருமட்டும் மாமா. என்னயக் கூப்புட வேணாம்," என்றாள் விஜயகலா.

விசாரணை நாளில் நீதவான், அடுத்த வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். விஜயகலாவே பதில் சொன்னாள்.

"தூரமே இல்லைங்க. நான் மூச்சு விடுறது அவருக்குக் கேக்கும்."

நீதவான் பேனாவைக் கீழே வைத்து அவளைப் பார்த்தார். பிறகு, சசி அந்த லயத்துப் பக்கமே வரக்கூடாது, அவளோடு எந்த வகையிலும் பேசக்கூடாது என்று ஒரு வருடத்துக்குப் பாதுகாப்புக் கட்டளை கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவள் அழுதாள். சந்தோஷமா என்று கேட்டேன்.

"தெரியலக்கா. இனி அவரு எங்க போய்ச் சாப்புடுவாரு?"

சசி இப்போது வரக்காப்பொலையில் ஒரு கடையில் வேலை செய்கிறான். கட்டளைக் காலம் முடிந்த பிறகும் வரவில்லை. அழகமுத்து எங்கள் இருவரோடும் பேசுவதில்லை. விஜயகலா அதே காம்பராவில் இருக்கிறாள். கை கொஞ்சம் வளைந்துதான் கூடியிருக்கிறது. இறப்பர் மரங்களில் பால் வெட்டப் போகிறாள். நானும் அதே லயத்தில்தான் இருக்கிறேன். சாப்பிட்டாயா என்று மட்டும் அவளிடம் கேட்பதில்லை.