பதினெட்டு மணி நேரம் என்று எழுதியவன்

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் எழுதிக் கொடுத்த ஒரு பொய். பெரிய பொய் இல்லை. ஐந்து மடங்குதான்.

இப்போது காலை பதினொன்று பத்து. எங்கள் கூடத்தில் இணையக் கேளிக்கைக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளர் உட்கார்ந்திருக்கிறார். முப்பது வயதிருக்கும் பெண். மடியில் ஒரு கைக்கணினி. (அதன் கனத்தில் எங்கள் சோபா அரையடி அமுங்கிவிட்டது. சரி, அமுங்கவில்லை.) என்னிடம் இரண்டு வெள்ளைத் தாள்களைக் கொடுத்து, "நடந்ததை உங்க சொந்த வார்த்தையில எழுதிக் குடுங்க சார். அரை மணி நேரம் போதும்ல?" என்றார்.

முதல் தாள் அவருக்கு. இரண்டாவதில் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

என் மனைவி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். சத்தமே இல்லை. நாற்பத்தொரு வருடம் கூடவே இருந்தவன் சொல்கிறேன், சத்தம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

2

முதல் தொடக்கம்: "ஐயா, என் மனைவி இணையத்தில் ஆடும் கோட்டை விளையாட்டுக்கு அடிமையாகி, உண்ணாமல் உறங்காமல்—"

(உண்கிறாள். உறங்குகிறாள். அவள் குறட்டைக்குத் தெருவில் நிற்கும் கார்கள் அலறும். இது வேண்டாம்.)

இரண்டாம் தொடக்கம்: "நல்லதொரு சட்டம். பொதுமக்களின் நலன் கருதி அரசு—"

(இதில் பாதி உண்மை. பின்தெருத் தையல்காரர் நான்கு நாள் எழுந்திருக்காமல் கைப்பேசியில் ஆடினார். அவரை நாற்காலியோடு தூக்கித்தான் ஆம்புலன்சில் ஏற்றினார்கள். இதை நான் ஊதிச் சொல்லவில்லை. நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தவன் நான்.)

மூன்றாம் தொடக்கம்: "பொறாமையில்—"

இது பிறகு.

3

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எங்கே மாட்டிக்கொண்டேன் என்று புரியாது. ஒருவர் நாளைக்கு நான்கு மணி நேரம் ஆடலாம். அதற்கு மேல் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். அடுத்தவர் கைப்பேசியில் ஆடி ஏமாற்றுகிறவர்களுக்காக இன்னொரு விதி: வீட்டார் புகார் கொடுத்தால் ஆய்வாளர் வருவார், இயந்திரக் கணக்கைவிட வீட்டாரின் வாக்குமூலமே செல்லும். புகார் மெய்யென்றால் ஆடுகிறவரின் இணைய எண் இரண்டு வருடம் முடங்கும். பொய்யென்றால் புகார் கொடுத்தவரின் எண் இரண்டு வருடம் முடங்கும். எண் முடங்கினால் ஆட்டம், படம், பக்கம் எதுவும் திறக்காது. ஓய்வு பெற்றதிலிருந்து நான் தினமும் கதையளக்கும் என் பக்கமும் இதில் சேர்த்தி. அதற்கு ஒரு லட்சம் வாசகர்கள். (நூற்றுப் பன்னிரண்டு.)

"புகார் அளித்தவர் யார் என்பது ரகசியமாக வைக்கப்படும்" என்று படிவத்தின் அடியில் அச்சிட்டிருந்தது.

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

4

நான் குடிநீர் வாரியத்தில் முப்பத்தாறு வருடம் புகார்ப் பிரிவில் இருந்தவன். "இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை" என்று எழுதியவர் தெருவுக்கு லாரி போனதே இல்லை. "பத்து நாளாக வரவில்லை, முதியவர்கள் மயங்கி விழுகிறார்கள்" என்றால் அன்றைக்கே போகும். எழுதுகிறவர் ஐந்தால் பெருக்குவார், நாங்கள் ஐந்தால் வகுத்துக்கொள்வோம். யாரும் யாரையும் ஏமாற்றியதாக ஆகாது.

அந்தக் கைப்பழக்கத்தில்தான் 'நாள்தோறும் ஆடும் நேரம்' என்ற கட்டத்தில் அவளுடைய மூன்றே முக்கால் மணியைப் பெருக்கினேன். பதினெட்டே முக்கால் வந்தது. மனசாட்சி உறுத்தவே முக்காலை விட்டுவிட்டேன்.

புதிய துறையில் வகுக்கிறதற்கு ஆளே போடவில்லை என்பது இன்று காலைதான் தெரிந்தது.

"இயந்திரக் கணக்குல மூணே முக்கால்தான் சார் வருது. மிச்சம் பதினாலே கால் மணி யார் போன்ல ஆடறாங்க?"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதினதும்மா."

"பேச்சுக்குன்னு ஒரு கட்டம் இந்த ஃபாரத்துல இல்ல சார்."

என் மனைவி அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அந்தப் பதினெட்டை ஆய்வாளர் வாய்விட்டு வாசித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

5

ஆய்வாளரைக் கொடுமைக்காரியாக எழுதத்தான் ஆசை. இரண்டு வரி எழுதியும் பார்த்தேன். "கல்லில் செதுக்கிய முகமும் கத்தி போன்ற—" அதற்குள் அவரே கெடுத்துவிட்டார்.

"யோசிக்காதீங்க சார். எங்க அண்ணனுக்கு நான்தான் ஃபாரம் போட்டேன். ரெண்டு வருஷம் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. இப்ப ஒழுங்கா வேலைக்குப் போறான்."

"நல்லதாப் போச்சு."

"என்கூட பேசறதில்ல." கைக்கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எழுதுங்க. பத்து நிமிஷம்தான் இருக்கு."

ஆகவே மூன்றாம் தொடக்கத்துக்கே வருகிறேன். இரத்த வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்த என் மனைவி இப்போது ஐந்து பேர் கொண்ட படைக்குத் தலைவி. ஒரு பல் டாக்டர், ஒரு லாரி ஓட்டுநர், கல்லூரியில் படிக்கும் அக்கா தங்கை. அவர்கள் இவளைக் 'கேப்டன்' என்கிறார்கள். மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்தே முக்கால் வரை உள்ளறையிலிருந்து குரல் வரும்: "டாக்டர், நீங்க ஓடிடுங்க, நான் இங்க செத்துக்கறேன்." பிறகு ஒரு சிரிப்பு. என் நகைச்சுவைக்கு அவள் அப்படிச் சிரித்து இருபது வருடம் இருக்கும். இந்த எண்ணிக்கையில் கூட்டல் இல்லை.

6

கதவு திறந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"இல்ல. தொடக்கத்துலயே நிக்குது."

"என்னைப் பத்தித்தானே எழுதறீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மத்தியானம் பூரா பேச ஆள் இல்லாம..."

"அதை எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல. அரசாங்கத்துக்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

"மேடம், நீங்க பேசினா அழுத்தம் குடுத்ததா ஆயிடும்," என்றார் ஆய்வாளர்.

"என் வீட்டுல என் வீட்டுக்காரர்கிட்ட நான் பேசக் கூடாதா?"

"இன்னும் ஆறு நிமிஷத்துக்குக் கூடாது மேடம்."

அவள் என்னைப் பார்த்தபடி ஆய்வாளரிடம் சொன்னாள்: "நாலு மணி ஆட சட்டமே விடுது. கால் மணி முன்னாடியே எதுக்கு எழுந்திருக்கறேன்? ஆறு மணிக்கு இவரோட நடக்கப் போகணும், செருப்புத் தேடவே இவருக்குக் கால் மணி ஆகும். அதுக்கு ஒரு கட்டம் உங்க ஃபாரத்துல இருக்கான்னு சொல்லுங்க."

மறுபடி கதவு. இந்த முறையும் சத்தமில்லாமல்.

7

முடிவு அ: பதினெட்டுதான் என்று உறுதி சொல்கிறேன். அவள் எண் இங்கேயே, இப்போதே முடங்கும். இரண்டு மணிக்கு நான்கு பேர் கோட்டை வாசலில் கேப்டனுக்காகக் காத்திருப்பார்கள். அவள் என் எதிரில் உட்கார்ந்திருப்பாள், நான் கேட்டபடியே. அவள் என்ன பேசுவாள் என்று எழுதப் பார்த்தேன்:

"                    "

முடிவு ஆ: மூன்றே முக்கால்தான், ஊதிப் பெருக்கினேன் என்று எழுதுகிறேன். என் பக்கம் இரண்டு வருடம் இருண்டு போகும். உங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரையும் இழப்பேன். என் அளப்புகளைக் கேட்க மிஞ்சுவது ஒரே ஓர் ஆள், அவளும் இரண்டிலிருந்து ஐந்தே முக்கால் வரை போரில் இருப்பாள்.

முடிவு இ: கைக்கணினி வெடிக்கிறது, ஆய்வாளருக்கு அண்ணன் போன் செய்கிறான், எல்லோரும் கட்டிக்கொண்டு—

(ரசித்து எழுதினேன். அடித்துவிட்டேன்.)

8

"நேரமாச்சு சார்," என்று ஆய்வாளர் கை நீட்டுகிறார். முதல் தாளில் 'ஐயா' மட்டும்தான் இருக்கிறது. அதன் கீழே ஓர் எண்ணைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எந்த எண் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இதைத் திரையில் படிக்கிறீர்கள் என்றால் என் பக்கம் இன்னும் திறந்திருக்கிறது. கதைதானே என்று யாரிடமும் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உள்ளறையில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். தாளில் படிக்கிறீர்கள் என்றால், யாரோ இதை அச்சகத்துக்குக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் கையில் இருப்பது எது?